பதினான்காம் எண் கொடி

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா என்று கேட்டால், "நலமாக இருந்தால் நீ ஏன் கேட்கப் போகிறாய்" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடை போனுக்குக் கூப்பிட்டிருப்பேன். ஆனால் உங்கள் கல்லீரல் கதையை உப்பு வாங்க வந்தவர்கள் எல்லாரும் கேட்பார்கள். அண்ணனோடு போனில் பேசுவதும் சுவரோடு பேசுவதும் ஒன்று.

என் வேலை என்னவென்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறீர்கள். இலையை அரைத்து வைரஸ் மேல் ஊற்றுகிறோம் என்று சொல்லி நானும் நழுவியிருக்கிறேன். உண்மையில் அவ்வளவுதான். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொரு குழியிலும் கல்லீரல் செல்களை வளர்த்து, உங்கள் உடம்பில் இருக்கிற அதே வைரஸை விடுகிறோம். மருந்துச் செடியின் சாற்றைச் சேர்த்து மூன்று நாள் கழித்து, வைரஸ் எவ்வளவு மிச்சம் என்று அளக்கிறோம். இரண்டு வருடத்தில் பதின்மூன்று செடிகள். பதின்மூன்றும் கையை விரித்துவிட்டன.

நேற்றுப் பதினான்காம் எண். குழிக்குக் குழி பூஜ்யம். மெஷின் கெட்டுவிட்டதோ என்று இன்னொரு முறை ஓட்டினேன், அப்போதும் பூஜ்யம். பக்கத்து மேஜைக்காரர் என் தோளைத் தட்டி, "உன் மூஞ்சில இன்னிக்குத்தான் சிரிப்பைப் பார்க்கிறேன்" என்றார்.

செடியின் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது இங்கே சட்டம், அதற்குத்தான் எண். உங்களிடம் மறைத்து நான் என்ன சம்பாதிக்கப் போகிறேன்? ரயில் பாதையோரம் வேலியெல்லாம் மஞ்சள் பூவோடு படர்ந்து கிடக்கிறதே, போன முறை நடந்து வரும்போது அதன் காய்கள் உங்கள் துணி முழுக்க ஒட்டிக்கொண்டு, வழியில் உட்கார்ந்து பிய்த்துப் போட்டோமே, அதுதான்.

இன்னும் ஒரு தட்டு பாக்கி. வைரஸ் விடாத செல்களில் சாற்றை மட்டும் ஊற்றிய தட்டு. அதற்குப் போடும் ஊதாச் சாயம் தீர்ந்துவிட்டது, வந்ததும் பார்ப்போம். அது ஒரு சடங்கு மாதிரிதான். டாக்டர் மூன்று மாதம் என்று சொன்னதைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

உங்கள் அன்பு நாத்தனார்,
வாலு


ஜனவரி 17

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதத்தைப் படித்தேன். நம்பலாமா வேண்டாமா என்று எனக்கே தெரியவில்லை. நம்பத்தான் ஆசை.

சாயங்காலம் உன் அண்ணன் பட்டறையிலிருந்து வந்ததும் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். படித்துக் காட்டினால் தெரு முழுக்கக் கேட்கும், அவருக்கு மட்டும் கேட்காது. இருபது வருஷம் ஷட்டர் தகரத்தை அடித்த காது. நின்றபடியே நாலு தடவை படித்தார். பிறகு முகம் கூடக் கழுவாமல் ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு வெளியே போனார். இருட்டும் நேரம் வந்தார், சாக்கு நிறையக் கொடி, சட்டை நிறைய ஒட்டுக்காய், கையெல்லாம் கீறல்.

இப்போது நம் வீட்டைப் பார்த்தால் சிரிப்பாய். கட்டிலில் இலை காய்கிறது, நாங்கள் தரையில் படுக்கிறோம். வெந்நீர் வைக்கக் கூட என்னைக் கூப்பிடுகிற மனுஷர், விடியும் முன்னே எழுந்து அடுப்பைப் பற்றவைத்து, நாலு டம்ளர் தண்ணீர் ஒரு டம்ளராக வற்றும்வரை பக்கத்திலேயே நிற்கிறார். நான் எட்டிப் பார்த்தால் "நீ போய்ப் படு, இது என் டிபார்ட்மென்ட்" என்கிறார்.

இன்றோடு நாலு நாள் குடித்தாயிற்று. கசப்பு என்றால் சாதாரணக் கசப்பில்லை, காது வரைக்கும் போகிறது. நேற்று வாந்தி எடுத்தேன். "உள்ள இருக்கிற கெட்டது வெளிய வருது" என்று உன் அண்ணன் டாக்டர் மாதிரி சொல்கிறார். எவ்வளவு குடிக்க வேண்டும், சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று எழுது. நீ ஒரு முறை வந்து போனால் நன்றாக இருக்கும். செல்களுக்குத் தீனி போடணும் என்பாய். எனக்கு நீ வைத்த சக்களத்திகள் அவை.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 24

அண்ணி,

இந்தக் கடிதம் கிடைத்த நிமிஷம் அந்தக் கஷாயத்தை நிறுத்துங்கள். இனி ஒரு வாய் கூடக் குடிக்க வேண்டாம். கடை போனுக்கு மூன்று தடவை கூப்பிட்டேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது.

சாயம் வந்து, அந்த இரண்டாவது தட்டைப் பார்த்தேன். உயிரோடு ஒட்டியிருக்கிற செல் ஊதா பிடிக்கும். செத்தது கழுவும்போது தண்ணீரோடு போய்விடும். பதினான்காம் எண் ஊற்றிய குழிகள் அத்தனையும் கண்ணாடி மாதிரி நிறமே இல்லாமல் இருந்தன. ஒரு செல் மிச்சமில்லை. வைரஸ் போகவில்லை அண்ணி, வைரஸ் வளர இடமே இல்லாமல் போயிருக்கிறது. வீடு இடிந்து விழுந்திருக்கிறது, நான் எலித்தொல்லை தீர்ந்தது என்று குதித்திருக்கிறேன்.

எங்கள் லேப் மேடம் என்னிடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ரெண்டாவது தட்டைப் பாக்காம யார்கிட்டயும் வாயைத் திறக்காதேன்னு புதுசா வர்றவங்களுக்கு நீதானே சொல்லித் தருவே" என்று மட்டும் கேட்டார். உங்களுக்கு எழுதியதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

தட்டில் செத்தவை கல்லீரல் செல்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பதே அதில் கொஞ்சம்தான். இதுவரை குடித்ததற்கு எதுவும் ஆகியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டே இருக்கிறேன். உடனே டாக்டரிடம் போய், என்ன குடித்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லி ரத்தம் பாருங்கள். அண்ணனிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். தப்பு முழுக்க என்னுடையது, அவரைத் திட்டாதீர்கள்.

வாலு


ஜனவரி 31

அன்புள்ள வாலுவுக்கு,

முதலில் மூச்சு விடு. டாக்டரிடம் போனோம். ரத்தம் முன்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் இருக்கிறது, அதாவது மோசமாக. உன் கொடியால் புதிதாக ஒன்றும் இல்லை என்றார். நீ அழுதுகொண்டு எழுதியிருப்பாய் என்று தெரியும், நாலு இடத்தில் மை பரவியிருந்தது.

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் கொடுத்தேன். படித்தார், மடித்தார், சட்டைப் பையில் வைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மொத லெட்டர் அவ எழுதினது. இது அவ மேடம் எழுதவச்சது. மருந்து வெளிய போயிடக் கூடாதுன்னு பயப்படுறாங்க." டாக்டர் சொன்னதையும் சேர்த்துக்கொண்டார். "ரத்தம் மோசமாகலேன்னு சொன்னாரே, கேட்டியா? அதுக்கு என்ன அர்த்தம்?" என்கிறார். சொன்னதில் பாதி காதில் விழாது, விழுந்த பாதியும் அவருக்கு வேண்டியதாகத்தான் விழும்.

நான் இரண்டு நாள் சண்டை போட்டேன். மூன்றாம் நாள் விட்டுவிட்டேன். ஏன் என்று கேள். டாக்டர் மூன்று மாதம் என்று சொன்ன அன்றைக்கு இவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தவர், மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. செருப்பைக் கூடக் கழற்றவில்லை. நான்தான் கழற்றினேன். நோயாளி நானா அவரா என்று எனக்கே சந்தேகம் வந்தது. இப்போது ஐந்தரைக்கு எழுந்திருக்கிறார். விசில் அடிக்கிறார், சுதி சேராமல். எனக்கு அந்தக் கஷாயம் விஷமாக இருக்கலாம், அவருக்கு அதுதான் மருந்து.

அதனால் கேள். டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டுக் கதவருகே நிற்பார். நான் இரண்டு மடக்கு உதட்டில் வைப்பது போல் பாவனை செய்துவிட்டு, வாந்தி வருகிறது என்று பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் தொட்டியில் ஊற்றிவிடுகிறேன். நாலு நாளுக்கு மேல் அந்த வாந்தியைத் தாங்க முடியவில்லை, உன் கடிதம் வரும் முன்பிருந்தே இப்படித்தான். வாயைக் கொப்பளித்து முகத்தைச் சுளித்துக்கொண்டு வருவேன். நல்லாக் குடிச்சியா என்பார், தலையாட்டுவேன். காது கேட்காதவரோடு குடித்தனம் நடத்துவதில் இப்படியும் ஒரு வசதி. ஊற்றுகிற சத்தம் கேட்காது.

இது நமக்குள் இருக்கட்டும். என் மேல் ஆணை, அவரிடம் ஒருபோதும் சொல்லாதே. தபால் பதினொன்றுக்கு வருகிறது, அவர் வர ஆறாகும். உன் கடிதங்களைப் படித்ததும் கிழித்துப் போட்டுவிடுவேன். தைரியமாக எழுது.

அண்ணி


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

சரி. சொல்ல மாட்டேன். இஷ்டப்பட்டு ஒத்துக்கொள்ளவில்லை, நீங்கள் ஆணையிட்டுவிட்டீர்கள். அண்ணனுக்குத் தனியாகப் பட்டறை முகவரிக்கு இரண்டு கடிதம் எழுதிப் பார்த்தேன், இந்தக் கொடி விஷம் என்று கொட்டை எழுத்தில். பதில் இல்லை. நான் சொன்ன பொய்யை நம்பினார், உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார். யாரைக் குறை சொல்ல?

ஒரு நாள் அவர் தொட்டிப் பக்கம் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? ஆனாலும், கொட்டுகிறீர்கள் என்று தெரிந்ததும் நிம்மதியாகத் தூங்கினேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இங்கே பதினான்காம் எண்ணை மேடம் இன்னும் தூக்கிப் போடவில்லை. ஒரு சாற்றில் நூறு பொருள் இருக்கும். செல்லைக் கொல்வது ஒன்றாகவும் வைரஸைத் தடுப்பது இன்னொன்றாகவும் இருக்கலாம் அல்லவா? அதனால் சாற்றை ஒன்பது பங்காகப் பிரித்திருக்கிறோம். இந்த முறை செல் பிழைக்கிறதா என்ற தட்டைத்தான் முதலில் பார்ப்பேன். அதுவரை வாயைத் திறக்க மாட்டேன், உங்களிடம் கூட. காலில் வீக்கம் எப்படி இருக்கிறது? பொய் எழுதாதீர்கள்.

உங்கள்,
வாலு


மார்ச் 20

அன்புள்ள வாலுவுக்கு,

கால் வீக்கம் வயிற்றுக்கு மேலேறிவிட்டது. பதினைந்து நாளுக்கு ஒரு முறை ஆஸ்பத்திரியில் ஊசி குத்தித் தண்ணீர் எடுக்கிறார்கள். குழந்தை இல்லையே என்று ஒரு காலத்தில் அழுதேன், இப்போது வயிற்றைப் பார்த்து வழியில் போகிறவர்கள் எத்தனை மாசம் என்று கேட்கிறார்கள். போன வாரம் ஒருத்தியிடம் எட்டு என்று சொல்லிவிட்டேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

உன் அண்ணன் தினம் காலையில் என்னை வாசலுக்குக் கூட்டிப் போய், வெயிலில் நிறுத்தி, கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறார். "நேத்தைக்கு இன்னிக்கு மஞ்சள் குறைஞ்சிருக்கு." நான் கண்ணாடியில் பார்க்கிறேன், குறையவில்லை. ஆனால் ஆமாம் என்கிறேன். ஆமாம் சொல்லிச் சொல்லி எனக்கே ஒரு நாள் குறைந்த மாதிரித் தெரிந்தது. இப்படித்தான் மனுஷர்கள் ஏமாறுகிறார்கள் போலிருக்கிறது.

இப்போது உன்னை ஒன்று கேட்கிறேன். டாக்டரிடம் கேட்டால் மேலே பார்க்கிறார். உன் அண்ணனிடம் கேட்கவே முடியாது. உன் ஒன்பது பங்கில் எனக்கு ஏதாவது இருக்கிறதா? எனக்கு என்றால், நான் இருக்கும் வரைக்குள். சுற்றி வளைக்காமல் சொல். இனிமேல் நான் கோபித்துக்கொண்டு என்ன செய்யப் போகிறேன்?

அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு,

இல்லை.

அந்த ஒரு வார்த்தையை எழுத நாலு நாள் ஆயிற்று. ஒன்பதில் எட்டுப் பங்கு, செல்லையும் வைரஸையும் சேர்த்துக் கொல்கிறது, இல்லையென்றால் எதையும் தொடுவதில்லை. ஏழாவது பங்கில் ஒரு தரம் செல் பிழைத்தது, வைரஸும் பாதி குறைந்தது. மறுமுறை செய்தபோது அது வரவில்லை. மூன்றாம் முறையும் வரவில்லை. ஒருவேளை வந்தாலும், அதன் பிறகு எலி, முயல், பிறகு மனிதர்கள் என்று பத்துப் பன்னிரண்டு வருடம். நேற்று மேடம் பதினான்காம் எண்ணின் மேல் சிவப்பு மையால் கோடு போட்டுவிட்டார். நாளையிலிருந்து பதினைந்து.

இந்த வேலையில் சேரும்போது என்ன நினைத்துச் சேர்ந்தேன் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். உங்களுக்கு நோய் என்று தெரிந்த வருடம்தான் சேர்ந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. தினம் எட்டு மணி நேரம் அந்த வைரஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதை ஒன்றும் செய்ய முடியாமல் வீட்டுக்கு வருகிறேன். என் கையாலாகாத்தனத்தை வேறு யாரிடம் சொல்லி அழுவேன்? உங்களிடமே சொல்கிறேன், மன்னித்துக்கொள்ளுங்கள்.

லீவு கேட்டிருக்கிறேன். வருகிறேன்.

வாலு


மே 12

வாலு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும். படுத்துக்கொண்டே எழுதுகிறேன், இதை எழுத மூன்று நாள் ஆகிறது.

நீ உண்மையைச் சொன்னதற்கு நன்றி. அன்று நன்றாக அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது, சாப்பிட்டேன்.

டாக்டர் சொன்ன மூன்று மாதம் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. நான் எப்படி இருக்கிறேன் என்று எனக்கும் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. அவர் போட்ட கணக்கு தப்பு, அவ்வளவுதான். ஆனால் உன் அண்ணனைப் பார்க்க வேண்டும். தெருவில் நிமிர்ந்து நடக்கிறார். பட்டறையில் எல்லாரிடமும், "டாக்டரே கைவிட்ட கேஸு, என் கையால தேத்தியிருக்கேன்" என்று சொல்கிறாராம். கல்யாணமான நாளிலிருந்து அவர் தன்னைப் பற்றி ஒரு பெருமை பேசி நான் கேட்டதில்லை.

இப்போது என்னால் பின்பக்கம் நடக்க முடியவில்லை. அவர் குளிக்கப் போகும்போது கட்டிலுக்கு அடியில் இருக்கும் பழைய வாளியில் ஊற்றிவிடுகிறேன், மத்தியானம் உதவிக்கு வரும் பக்கத்து வீட்டு அக்கா கொண்டுபோய்க் கொட்டுகிறாள். என்ன என்று அவளும் கேட்கவில்லை.

நான் போன பிறகும் சொல்லாதே. அதற்குத்தான் இந்தக் கடிதம். எனக்காக ஒன்று செய்தோம், அது கொஞ்சம் பலித்தது என்று அவர் நினைத்துக்கொண்டு இருக்கட்டும். அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

உன் லீவு வரும்போது வா. வராவிட்டாலும் கோபமில்லை. சாப்பிடு, நேரத்துக்கு.

அண்ணி


ஜூன் 19

குட்டிக்கு,

அண்ணன் எழுதுவது. எனக்கு எழுதிப் பழக்கமில்லை, அவள்தான் எழுதுவாள். நீ வந்து இருந்துவிட்டுப் போன பிறகு வீடு ரொம்பப் பெரிசாகத் தெரிகிறது. காது கேட்காதவனுக்கு வீடு எப்போதும் அமைதிதானே என்று நினைப்பாய். அப்படி இல்லை. அவள் நடப்பது எனக்குக் காலில் தெரியும், தரை அதிரும்.

நீ இருந்தபோது பேச முடியவில்லை, இப்போது சொல்கிறேன். நீ உன் ஆபீசுக்குப் பயந்து அந்த இரண்டாவது கடிதத்தை எழுதினாய், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் டாக்டர் சொன்ன கெடுவைத் தாண்டி எட்டு வாரம் உன் அண்ணி இருந்தாள். ஒரு நாள் தவறாமல் குடித்தாள். உன் மேடத்திடம் இதைச் சொல். தட்டில் பார்ப்பதை விட ஆளிடம் பார்த்தது பெரிசில்லையா? இன்னும் முன்னாடியே ஆரம்பித்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றுதான் எனக்கு ஆறவில்லை.

அவள் போனாலும் இது வீணாகக் கூடாது. எங்கள் பட்டறை வெல்டரின் பெண்ணுக்குக் கண்ணெல்லாம் மஞ்சள். பத்தொன்பது வயசு. ஆஸ்பத்திரியில் ஓய்வெடு, தானாகப் போகும் என்று அனுப்பிவிட்டார்களாம். நான் சும்மா விடுவேனா? திங்கட்கிழமையிலிருந்து காய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். வெல்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டான். ரொம்ப நாளைக்கு அப்புறம் நேற்று எனக்குப் பசித்தது.

அண்ணன்


ஜூன் 23
(எக்ஸ்பிரஸ் தபால்)

அண்ணா,

அந்தப் பெண்ணுக்குக் கொடுப்பதை நிறுத்து. இந்த வரியைப் படித்ததும் கடிதத்தை வைத்துவிட்டு முதலில் வெல்டர் வீட்டுக்குப் போ. மிச்சத்தை அப்புறம் படி. கடை போனில் கடைக்காரரிடம் கெஞ்சினேன், ஆள் அனுப்பிச் சொல்கிறேன் என்றார். அனுப்பினாரா தெரியாது.

அவளுக்கு வந்திருப்பது, ஆஸ்பத்திரியில் சொன்ன மாதிரி, தானாகப் போகிற காமாலையாகத்தான் இருக்கும். அவளை ஒன்றும் செய்யாமல் விட்டால் பிழைப்பாள். உன் கஷாயம்தான் அவளைக் கொல்லும்.

நீ நம்ப மாட்டாய். மூன்று கடிதம் எழுதியும் நம்பவில்லை. அண்ணி எட்டு வாரம் இருந்தாளே என்பாய். அண்ணா, அண்ணி அதைக் குடிக்கவில்லை. முதல் நாலு நாளோடு சரி. அதன் பிறகு ஒரு நாள் கூடக் குடிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று ஆணை வாங்கியிருந்தார்கள். நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய் என்பதால் அவர்கள் எழுதிய இரண்டு கடிதங்களை இதோடு வைத்திருக்கிறேன். ஜனவரி மாதத்தது ஒன்று, மே மாதத்தது ஒன்று. கையெழுத்து உனக்குத் தெரியும்.

உன்னிடம் இருந்த ஒரே ஆறுதலையும் பிடுங்குகிறேன் என்று தெரிந்தே செய்கிறேன். யாருக்கு என்ன நஷ்டம் என்று அண்ணி கேட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணை அண்ணிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவர்களே உன்னிடம் சொல்லியிருப்பார்கள்.

எல்லாம் நான் எழுதிய முதல் கடிதத்தில் ஆரம்பித்தது. ஒரு வாரம் பொறுத்திருந்தால் போதும், சாயம் வந்திருக்கும். என்னைத் திட்டு. பதில் மட்டும் எழுது.

வாலு


ஜூலை 2

குட்டிக்கு,

கடைக்காரர் ஆள் அனுப்பவில்லை. உன் கடிதம் சனிக்கிழமை பட்டறைக்கு வந்தது. முதல் வரியோடு வைத்துவிட்டு ஓடினேன். அந்தப் பெண் பன்னிரண்டு நாள் குடித்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். நேற்றிலிருந்து கண் திறந்து பேசுகிறாள், பிழைத்துவிடுவாள் என்கிறார்கள். வெல்டர் என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருப்பது நியாயம்தான்.

திரும்பி வந்து மிச்சத்தைப் படித்தேன். அவள் கடிதங்களையும் படித்தேன். நீ செய்தது சரி. அந்தப் பெண்ணுக்காகச் சொல்ல வேண்டியிருந்தது, சொன்னாய். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஒரு குழந்தை மாதிரி வைத்திருந்திருக்கிறீர்கள். கதவருகில் நின்று அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். தலையை அண்ணாந்து குடிப்பது தெரியும். பாவம், எவ்வளவு கசந்தாலும் எனக்காகக் குடிக்கிறாளே என்று நினைத்துக்கொள்வேன். எனக்காகத்தான் செய்திருக்கிறாள், அதை என்னவென்று எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. இப்போது அவளை நினைத்தாலும் அந்த முதுகுதான் வருகிறது, முகம் வரவில்லை. முகம் வரும்வரைக்கும் உன்னோடு என்னால் பேச முடியாது.

ஒரு விஷயம் உனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. அவ்வளவு கசப்பை அவள் மட்டும் குடிக்கிறாளே என்று மனசு கேட்காமல், தினமும் அடுப்படியிலேயே முதல் அரை டம்ளரை நான் குடித்துவிட்டுத்தான் அவளுக்கு எடுத்துப் போவேன். அவள் நாலு நாள் குடித்தாள். நான் நாலரை மாசம். மூன்று வாரமாகச் சாப்பாட்டைக் கண்டால் குமட்டுகிறது, நடுவில் ஒரே ஒரு நாள் பசித்தது. துக்கத்தில் அப்படித்தான் இருக்கும் என்று இருந்துவிட்டேன்.

உன் தட்டில் அந்தச் செல்கள் சாக எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு கார்டில் எழுதிப் போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

அண்ணன்